போகி, ஆறு நாற்பது

நேற்று மாலை மதுரைக்குப் புறப்படுமுன்
வாசலில் ஒரு மூட்டை கட்டி வைத்தேன்.
நடுவில் கிழிந்த கோரைப்பாய்,
வாய் உடைந்த முறம்,
எண்ணெய் ஏறிய தலையணை உறை இரண்டு,
எல்லாவற்றுக்கும் மேலே
ஒன்பது வருடம் பீரோவில் கிடந்த என் பரீட்சைத்தாள்.
மூடுபனியில் விமானம் இறக்குவது பற்றியது.
நூற்றுக்கு நாற்பத்தொன்று.
"விடியறதுக்குள்ள கொளுத்திடு" என்றேன் இளவழகனிடம்.

இப்போது மணி ஆறு நாற்பது.
ஆறு இருக்கை, இரண்டு எஞ்சின், ஒரே பயணி.
மேலே வானம் துலக்கிக் கவிழ்த்த எவர்சில்வர் தட்டு.
கீழே சென்னை இல்லை.
பரங்கிமலை இல்லை, செம்பரம்பாக்கம் இல்லை.
குன்றத்தூர் முருகன் மட்டும்
கோபுர நுனியை வெளியே நீட்டி
மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

"கீழ என்ன மேடம், மேகமா?"
பின்னாலிருந்து பம்ப் கம்பெனி ஞானவடிவேல்.
"கோரைப்பாய் சார்" என்றேன்.
அவருக்குப் புரியவில்லை. பெல்ட்டை இறுக்கிக்கொண்டார்.

மார்கழிப் பனி நல்லது.
ஏழரைக்குத் தானே எழுந்து போய்விடும்.
இன்று மட்டும் அதன் கையைப் பிடித்து
உட்கார வைத்துவிட்டோம், தெருத்தெருவாக.

கோபுரத்தில் ஒரு பெண்குரல்.
அவள் தொண்டையிலும் புகை.
"பார்வைத்தூரம் அறுநூறு மீட்டர், குறைகிறது."
கத்தரிக்காய் விலை சொல்வதுபோல் சொன்னாள்.
அந்த நிதானத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

உள்ளே நுழைந்ததும் உடம்பு பொய் சொல்லத் தொடங்கும்.
வலப்பக்கம் சாய்கிறோம் என்னும் காது.
ஏறுகிறோம் என்று சத்தியம் செய்யும் பிட்டம்.
ஊசி இரண்டு, ஒன்று நின்றபடி, ஒன்று படுத்தபடி.
அவை வெட்டிக்கொள்ளும் புள்ளியே இப்போதைக்கு ஊர்.

ஐந்நூறு அடி. டயர் நாற்றம்.
நானூறு. யாரோ பிளாஸ்டிக் குடம் எரிக்கிறார்கள்.
முந்நூறு.
இருநூறு.
இருநூறில் விளக்கு தெரிந்தாக வேண்டும்.
தெரியவில்லை.

பொழிச்சலூர் இது.
இந்தச் சாம்பலுக்கு அடியில் எங்கோ என் மொட்டைமாடி,
கொடியில் என் இன்னொரு வெள்ளைச் சட்டை,
வாசலில் என் மூட்டை.
இன்னும் ஐம்பதடி இறங்கிப் பார்த்தால் என்ன
என்று கேட்டது கை.
பரீட்சையில் கேட்டதும் இதையேதான்.
அன்று 'பார்க்கலாம்' என்று எழுதியிருந்தேன்.

நெம்புகோலை முன்னே தள்ளினேன்.
எஞ்சின்கள் கத்தின.
"முருகா" என்றார் ஞானவடிவேல்.
பக்கத்தில்தான் இருக்கிறார், கேட்டிருக்கும்.

வெயிலுக்கு வந்ததும் கணக்குப் போட்டேன்.
இன்னும் ஒரே ஒரு முறை.
இல்லையென்றால் திருப்பதி.
இதை இங்கேயே முடிவு செய்துவிட வேண்டும்.
புகைக்குள் எடுக்கும் முடிவில்
புகையும் கொஞ்சம் கலந்திருக்கும்.

ஸ்ரீபெரும்புதூருக்கு மேல் பதினெட்டு நிமிடம்
செக்குமாடு.
பிறகு அவள், தொண்டையைச் செருமிக்கொண்டு:
"எழுநூற்றைம்பது. வருகிறீர்களா?"

ஐந்நூறு. நானூறு. அதே டயர்.
முந்நூறு.
இருநூற்று நாற்பதில்
சாம்பலில் யாரோ மஞ்சளைத் தொட்டு வைத்ததுபோல் ஒரு பொட்டு.
அருகே இன்னொன்று.
பிறகு வரிசை.
கண்ணை ஊசியிலிருந்து பிரித்தெடுக்க
அரை நொடி பிடித்தது.

சக்கரம் தொட்டது எனக்கே சரியாகத் தெரியவில்லை.
ஞானவடிவேல்தான் சொன்னார், "தரை மேடம்."

எஞ்சினை அணைத்தேன்.
சுவருக்கு அப்பாலிருந்து
பிள்ளைகளின் போகி மேளம், தாளமே இல்லாமல்.
கை அப்போதுதான் நடுங்க ஆரம்பித்தது.

வீட்டுக்குப் போன் போட்டேன்.
"கொளுத்திட்டியா?"
"அஞ்சுக்கே ஆச்சு. நல்லா எரிஞ்சுது.
அந்தத் தாள மட்டும் எடுத்து வச்சிட்டேன்,
பின்பக்கம் கேஸ் கனெக்‌ஷன் நம்பர் இருந்துது.
ஆமா, கொஞ்ச நேரம் முன்னாடி வீட்டு மேல
ஏதோ பிளேன் ரொம்பத் தாழ்வா போச்சு.
யாருன்னு தெரியல. பாவம்."